அமெரிக்கச் சிறுவர் கால்பந்தைக் கொன்றது செல்போனா?

"அமெரிக்காவில் 70 சதவீதம் பிள்ளைகள் 13 வயதுக்குள் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள், காரணம் செல்போன்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அந்த 70 பல ஆண்டுகளாக ஆதாரம் காட்டாமலே கைமாறி வரும் எண். அமெரிக்க ஆய்வு அமைப்பான ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் 2019-இல் வெளியிட்ட பெற்றோர் கணக்கெடுப்பின்படி, ஒரு பிள்ளை ஒரு விளையாட்டில் சராசரியாக மூன்றாண்டுக்கும் குறைவாகவே நீடிக்கிறது. ஆனால் ஒன்றை விட்ட பிள்ளை வேறொன்றுக்குப் போகலாம். அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

ஆனால் கால்பந்தில் சரிவு பொய்யல்ல. 6 முதல் 12 வயதினரில் தவறாமல் கால்பந்து ஆடுவோர் விகிதம் 2018-க்கு முந்தைய மூன்றாண்டுகளில் சுமார் 14 சதவீதம் குறைந்து, 23 லட்சம் பேர் என்றானது. பிள்ளைகள் விலகுவதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம், ஆட்டத்தில் சந்தோஷம் இல்லை என்பதுதான். கட்டணமும் பயணச் செலவும் பெற்றோர் தலையில்.

பேசப்படாத இன்னொரு காரணம் வயதுப் பிரிவு. 2017-இல் கட்டாயமான விதிப்படி, கிளப் கால்பந்தில் ஒரே ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஓர் அணி. பள்ளி வகுப்போ பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டிப் பிரியும் வேறு கணக்கு. ஆகஸ்டுக்குப் பின் பிறந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அணித் தோழர்கள் பலர் ஒன்பதாம் வகுப்பில், அதாவது உயர்நிலைப் பள்ளியில் இருப்பார்கள். அவர்கள் இலையுதிர்காலத்தில் பள்ளி அணிக்குப் போய்விட்டால், இந்தப் பிள்ளைக்கு ஆட ஆளில்லை. வகுப்புத் தோழர்களும் வேறு அணியில். 2026-27 பருவத்திலிருந்து முக்கிய அமைப்புகள் ஆகஸ்ட்–ஜூலை கணக்குக்கே திரும்புகின்றன.