படித்து மாறிய இளவரசர்: மெர்சபர்க் பிஷப் கேயோர்க்

பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மன் சிற்றரசர்கள் ஏன் கத்தோலிக்கத் திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய மார்ட்டின் லூதரின் பக்கம் சாய்ந்தார்கள் என்று கேட்டால், மடங்களின் சொத்துக்கு ஆசைப்பட்டுத்தான் என்ற பதில் உடனே வருகிறது. அப்படிச் சாய்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே விடையை எல்லோருக்கும் பொருத்துவது அநியாயம். அன்ஹால்ட் இளவரசர் மூன்றாம் கேயோர்க்கின் வாழ்க்கையைப் படித்த பிறகு இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

கேயோர்க் 1507 ஆகஸ்ட் 15 அன்று டெஸ்ஸாவில் பிறந்தார். தந்தை எர்ன்ஸ்ட் 1516-இல் இறந்துவிட, பொஹீமிய மன்னர் போடிபிராடின் பேத்தியும் அசையாத கத்தோலிக்க விசுவாசியுமான தாய் மார்கரேத்தே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். பிரபுக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் திருச்சபையில் பதவி தேடித் தருவது அக்கால வழக்கம். உறவினரான அடால்ஃப் மெர்சபர்க்கின் பிஷப்பாக இருந்ததால், 1518-இலேயே, சிறுவனாக இருந்தபோதே, கேயோர்க்குக்கு அந்தப் பேராலயத்தின் குருக்கள் குழாமில் இடம் கிடைத்துவிட்டது. லைப்சிக்கில் கேயோர்க் ஹெல்ட் என்ற ஆசிரியரிடம் கல்வி கற்றார். 1524-இல் குருப்பட்டம் பெற்றார். 1526-இல் மாக்டபர்க் பேராலயத்தின் முதன்மைக் குருவானார். அங்கே பேராயராக இருந்தவர் கர்தினால் ஆல்பிரெக்ட். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையால் 1517-இல் லூதரைக் கொதித்தெழச் செய்த அதே ஆல்பிரெக்ட்தான். அவருக்கு ஆலோசகராகவும் கேயோர்க் பணியாற்றினார்.

அதாவது, மாறாமல் இருப்பதற்கான எல்லாக் காரணங்களும் அவருக்கு இருந்தன. லூதருக்கு எதிராகக் கத்தோலிக்க அரசர்கள் 1525-இல் கூடி அமைத்த கூட்டணி அவருடைய ஊரான டெஸ்ஸாவிலேயே உருவானது. பக்கத்துச் சாக்சனியின் அன்றைய கோமகன் லூதரின் கடும் பகைவர். மறுபுறம், சொந்த உறவினரான வொல்ஃப்காங் 1529-இல் ஸ்பையர் நகரில் லூதர் தரப்பு அரசர்கள் வெளியிட்ட எதிர்ப்பறிக்கையிலும், 1530-இல் அவர்களின் நம்பிக்கைகளைத் தொகுத்துச் சொன்ன ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலும் கையெழுத்திட்டிருந்தார். அவரைப் பின்பற்றி ஒரே நாளில் கட்சி மாறியிருக்கலாம். கேயோர்க் அதையும் செய்யவில்லை. லூதரை மறுப்பதற்காகவே வேதாகமத்தையும் திருச்சபைத் தந்தையர் எனப்படும் ஆதிக் கிறிஸ்தவ ஆசிரியர்களின் நூல்களையும் கற்கத் தொடங்கி, கற்கக் கற்க, மறுக்க நினைத்த கருத்தில் நியாயம் இருப்பதை உணர்ந்தார். அந்த மனப்போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. 1530-இல் தாய் இறந்து, அதன்பின் மேலும் சில ஆண்டுகள் கழிந்த பிறகே, 1534-இல் அவரும் சகோதரர்கள் யோஹானும் யோவாக்கிமும் டெஸ்ஸாவில் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். இந்தத் தயக்கத்தைச் சிலர் பலவீனம் என்பார்கள். தன் ஆன்மாவோடு குடிமக்களின் வழிபாட்டையும் சேர்த்து மாற்றப்போகிற ஒருவர் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதை நேர்மை என்றே நான் சொல்வேன்.

1544-இல் மெர்சபர்க் பிஷப் இறந்ததும், சாக்சனியின் அப்போதைய புராட்டஸ்டண்ட் கோமகன் மோரிட்ஸ் தன் தம்பி அவுகுஸ்டை அந்த மறைமாவட்டத்தின் நிர்வாகியாக்கினார். அவுகுஸ்டுக்கு அப்போது பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. நிலமும் வரியும் அவர் கைக்குப் போயின என்பதை மறைக்க வேண்டியதில்லை. சொத்தாசை பற்றிய குற்றச்சாட்டு இந்த இடத்தில் முழுக்கப் பொருந்துகிறது. கேயோர்க்குக்குக் கிடைத்தது ஆன்மிகப் பொறுப்பு மட்டுமே. 1545 ஆகஸ்ட் 2 அன்று மெர்சபர்க் பேராலயத்தில் லூதரே அவர்மீது கைகளை வைத்து, பிஷப்பாக அபிஷேகம் செய்தார். (பின்னாளில் தரங்கம்பாடி மிஷனின் தாயகமான ஹாலே, மெர்சபர்க்குக்கு அருகிலுள்ள நகரம்தான்.)

அதன் பிறகு அவர் ஆற்றிய பணிதான் என்னை மிகவும் கவர்கிறது. பிரபுகுலத்து பிஷப்புகள் பலர் வேட்டைக்கும் அரசியலுக்கும் நேரத்தைச் செலவிட்ட காலத்தில், பிறப்பால் அரசகுமாரரான இவர் தாமே பிரசங்கம் செய்தார். குருமார்களைத் தேர்ந்து, சோதித்து, அபிஷேகம் செய்தார். அவர்களைக் கூட்டி மன்றம் நடத்தினார். பழைய சடங்குகளில் சுவிசேஷத்துக்கு முரண்படாதவற்றை அப்படியே விட்டுவைத்தார். பிஷப் என்ற பதவியையே ஒழிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பதவிக்குரிய வேலை நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் நூல்களைத் திரட்டினார். அவருடைய நூலகத்தை டெஸ்ஸா இன்றும் காத்துவருகிறது.

அவர்மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு 1548-ஐச் சேர்ந்தது. முந்தைய ஆண்டு மூல்பெர்க் போரில் புராட்டஸ்டண்ட் அணியைத் தோற்கடித்திருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், கத்தோலிக்க முறைகள் பலவற்றைத் திணிக்கும் இடைக்கால ஏற்பாட்டை அறிவித்தார். அதற்கு மாற்றாக லைப்சிக்கில் சாக்சனித் தரப்பு தயாரித்த சமரச வரைவில் லூதரின் நெருங்கிய சகாவான மெலாங்தனோடு கேயோர்க்கும் பங்கெடுத்தார். உடைகளிலும் பண்டிகைகளிலும் விட்டுக்கொடுத்து, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல், அதாவது நற்செயல்களால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே மனிதன் கடவுள்முன் நீதிமானாகிறான் என்ற மையப் போதனையைக் காப்பாற்றுவதே அவர்களின் கணக்கு. மாக்டபர்க்கில் இருந்து லூதரன் இறையியலாளர் ஃபிளாசியுஸ் அதைத் துரோகம் என்று சாடினார். ஃபிளாசியுஸின் அச்சம் அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். வற்புறுத்தலின் கீழ் விட்டுக்கொடுக்கும் சிறு சடங்கும் சிறியதாக இருப்பதில்லை. ஆனால் ஃபிளாசியுஸுக்குக் காப்பாற்ற ஒரு மறைமாவட்டம் இருக்கவில்லை. கேயோர்க் கையை விரித்திருந்தால், அவர் அபிஷேகம் செய்த கிராமத்துக் குருமார்கள்தான் முதலில் வெளியேற்றப்பட்டிருப்பார்கள்.

அந்தச் சமரசத்தால் அவருக்கு எந்த லாபமும் கிடைக்கவில்லை. பேரரசரின் விருப்பப்படி கத்தோலிக்கரான மிகாயேல் ஹெல்டிங் மெர்சபர்க்கின் பிஷப்பாக வந்தார். 1550-இல் கேயோர்க் விலகினார். 1553 அக்டோபர் 17 அன்று டெஸ்ஸாவில், நாற்பத்தாறு வயதில் இறந்தார். அவரைக் கோழை என்று எழுதுகிறவர்கள், பதவி போன பிறகும் அவர் பழைய கர்தினாலின் சபைக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.