வெல தெரிஞ்சு என்ன கண்ணு பண்றது?

போன வருடம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) சமூகப் பிரச்சினைக்குத் தொழில் வழியில் தீர்வு தேடும் மாணவர் போட்டிக்கு நடுவராகப் போனேன். பதினோரு குழுக்கள், அதில் எட்டு செயலி. தக்காளி விலையை விவசாயிக்குக் கைப்பேசியில் சொல்லும் செயலிக்கு முதல் பரிசு. நானும்தான் மார்க் போட்டேன்.

அந்தக் குழுவில் ஒரு பையன் எல்லைக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு கேரளா, படிப்பு இந்தப் பக்கம். மனசு கேட்காமல் அவர்களை ஒரு நாள் வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் செயலியைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெல தெரிஞ்சு என்ன கண்ணு பண்றது? நாத்து வாங்க மண்டிக்காரர்தான் பணம் குடுத்தாரு. அவருக்குத்தானே போடோணும்?"

திரும்பும்போது பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை.

முகமது யூனுஸ் 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பார்த்ததும் இதே கடன் கட்டுதான். மூங்கில் முக்காலி முடையும் பெண், மூங்கிலுக்குப் பணம் கொடுத்த வியாபாரிக்கே அவர் சொன்ன விலைக்கு விற்றாக வேண்டும். சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊர் அது. பேராசிரியரான யூனுஸ் ஒரு மாணவியை அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 42 பேர், மொத்தக் கடன் 27 டாலர்! ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் கிராமீன் வங்கியின் கதை அங்கேதான் தொடங்கியது. நம் ஆட்கள் மேடையில் யூனுஸ் பெயரைச் சொல்வார்கள், அந்தக் கணக்கெடுப்பைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, பிரச்சினையைப் புரிந்துகொண்டாகிவிட்டது. அப்புறம் அதற்கான தீர்வைக் காசு கொடுத்து யார் வாங்குவது? 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். குற்றிப்புரம் பொறியியல் கல்லூரியில் படித்த பையன்கள் ஜென்ரோபோடிக்ஸ் என்று நிறுவனம் தொடங்கி, மனிதன் இறங்காமல் சாக்கடை அள்ளும் 'பாண்டிகூட்' இயந்திரத்தைச் செய்தார்கள். சாக்கடை அள்ளுபவர் அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. புதுத் தொழில்களுக்கு உதவும் கேரள அரசின் ஸ்டார்ட்அப் மிஷனும் நீர் ஆணையமும் கைகொடுத்ததால்தான் 2018-இல் அது திருவனந்தபுரத்தில் இறங்கியது. பரிசுத் தொகையை விட முதல் ஆர்டர் பெரிது என்று நான் நினைப்பது இதனால்தான்.

எங்கள் எல்லைப் பையன்களுக்கு இன்னொரு தலைவலி. தோட்டம் கேரளாவில், கல்லூரி தமிழ்நாட்டில். தொழில் தொடங்க உதவித்தொகை கேட்டுப் போனால் முதல் கேள்வி, "கம்பெனியை எந்த மாநிலத்தில் பதிவு செய்வீர்கள்?" தக்காளி லாரிக்கு இருக்கிற சுதந்திரம் இவர்களுக்கு இல்லை.

கல்லூரியிடம் நான் கேட்டது ஒன்றுதான். போட்டிக்கு முன் ஒரு பருவம் சந்தையிலும் தோட்டத்திலும் இவர்களைச் சுற்ற விடுங்கள், அதற்கு வருகைப்பதிவு கொடுங்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை என்றார்கள். அந்தக் கொழிஞ்சாம்பாறைப் பையன் இப்போது கோவையில் வேலைக்குப் போகிறான். குறை சொல்ல மாட்டேன், வீட்டில் கடன்.

இந்த வருடமும் நடுவராகக் கூப்பிட்டார்கள். வேலந்தாவளத்துக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.