இரண்டாவது கண்ணை எவன் வரைவது?

ஒரே ஒரு கண்ணை வரையச் சொல்லுங்கள், அசத்திவிடுவேன். இமை முடி, கருமணிக்குள் ஜன்னல் வெளிச்சம், ஓரத்து ஈரம் எல்லாம் வந்துவிடும். இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஆனால் வரும். அப்புறம் பக்கத்தில் இரண்டாவது கண்ணைப் போடுவேன். அது முதல் கண்ணுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். கொஞ்சம் மேலே, கொஞ்சம் பெரிதாக, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நேற்று அக்காவின் முகத்தை வரைந்து முடித்தேன். நான்கு நாள் வேலை. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரு இது?" என்றாள். அக்கா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

என் கோபம் அம்மா மேல் இல்லை. 'புதிதாக வரைபவர்களுக்கு', 'மிக மிக எளிது' என்றெல்லாம் தலைப்பு வைத்து வீடியோ போடுகிறார்களே, அவர்கள் மேல்தான். முதல் படி, ஒரு வட்டம். இரண்டாவது, குறுக்கே ஒரு கோடு, நடுவே ஒரு கோடு. மூன்றாவது, லேசாக மூக்கு, வாய். நான்காவது படியில் ஒரு பெண் உயிரோடு நம்மைப் பார்க்கிறாள்! மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்னதான் நடந்தது? அங்கேதானே ஐயா எனக்குப் பாடம் வேண்டும்? சரியாக அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டி, பின்னணியில் இசையைப் போட்டுவிடுகிறார்கள். பல மணி நேர வேலை இருபது நொடியில் ஓடிப்போகிறது. கை ஈ மாதிரி பறக்கிறது.

இதைவிட எரிச்சல், முதல் நாளே கண்ணை நுணுக்கச் சொல்வது. அந்தக் கண் எங்கே இருக்க வேண்டும் என்று வாயைத் திறப்பதில்லை. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கிறது. நான் நம்பவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பென்சிலை வைத்து அளந்தேன். பாதியேதான்! இத்தனை நாளும் கண்ணை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிறேன். முடி மூடிய மண்டையும் தலையில் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டு முழுக்க மூளை வைக்க இடமில்லாத முகங்கள்.

முகத்தின் அகலம் சுமார் ஐந்து கண். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அளவு இடைவெளி. காதின் மேல்நுனி புருவத்துக்கு நேரே, அடிப்பக்கம் மூக்கின் அடிக்கு நேரே. எல்லாம் சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். மாறுகிற அந்தக் கொஞ்சத்தில்தான் என் அக்கா இருக்கிறாள். ஆனால் சராசரியே தெரியாத நான் மாறுதலை எங்கே போய்க் கண்டுபிடிப்பேன்? ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மூக்குக்கு ஓரக்கோடு கிடையாது, நேராகப் பார்த்தால் இருபுறமும் நிழல்தான் என்பதையும் நானாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை இரண்டு கோடு இழுத்துக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். பல்லுக்குப் பல் கோடு போட்டேன், சீப்பு சிரித்தது. கண்ணின் வெள்ளையை வெள்ளையாகவே விட்டேன், பேயைக் கண்டவள் மாதிரி ஆகிவிட்டாள். விழி உருண்டையாம், மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுமாம், லேசாகச் சாம்பல் பூச வேண்டுமாம்!

பென்சில் கதை தனி. எச்பி ஒன்றே போதும் என்கிறார் ஒருவர். கூந்தல் கறுப்புக்காக அதை அழுத்தினால் தாளில் பள்ளம் விழுந்து பளபளக்கிறது, அழித்தாலும் தடம் போவதில்லை. 4பி, 6பி என்று மென்மையான பென்சிலால் அடுக்கடுக்காகப் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? இன்னொருவர் கன்னத்து நிழலை விரலாலேயே தேய்த்துக் காட்டுகிறார். விரலின் எண்ணெய் தாளில் ஏறினால் அந்த இடம் திட்டாக நின்றுவிடும், ரப்பருக்கு மசியாது. அக்காவின் இடது கன்னம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. (சுருட்டிய காகிதக் குச்சி ஒன்று இதற்கென்றே இருக்கிறது.)

கேட்டால் "பயிற்சி செய்யுங்கள்" என்பார்கள். எதை? கண்ணை நெற்றியில் வைப்பதையா? அதில் நான் ஏற்கெனவே கைதேர்ந்தாயிற்று.

இன்று காலை அக்காவின் படத்தைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். இடம் வலம் மாறியதும், நான்கு நாளாகக் கண்ணுக்குப் பழகிப்போயிருந்த தப்பெல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. முகமே ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, இரண்டாவது கண் அரை விரற்கடை மேலே. அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஆனால் அந்தக் கண்ணில் எழுபது இமை முடியை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருக்கிறேன்.