இடுப்புப் பிடிப்பா, மூத்திரம் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

"திடீர் இடுப்பு வலிக்கு டாக்டர் வேண்டாம், ரெண்டு வாரம் தரையில் படுத்து, கால் மரத்துப்போனால் நீவி விட்டால் போதும்" என்று சிலர் சொல்வது ஆபத்தானது. சாதாரணப் பிடிப்புக்கே ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை கூடாது; தசை இறுகி வலி நீளும். மெல்ல நடமாடுவதே நல்லது.

வலியோடு இரண்டு காலும் மரத்தாலோ பலமிழந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் உணர்விழந்தாலோ, மூத்திரம் வராமல் நின்றாலோ உடனே 108. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் விலகி, முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றையை நசுக்கியிருக்கலாம். மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். மூத்திரப்பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும்! எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். நரம்பு நசுங்கியது உறுதியானால் ஆபரேஷனைச் சில மணி நேரத்துக்குள் செய்யத்தான் திட்டமிடுவார்கள்; தள்ளிப்போட்டால் மூத்திரக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். அந்த நிலையில் நீவுவது, சுளுக்கெடுப்பது எதுவும் வேண்டாம்.

காய்ச்சலோடு வலி, விழுந்தபின் வலி, புற்றுநோய் இருந்தவருக்கு வலி என்றாலும் அன்றே காட்டுங்கள். அறுபதைத் தாண்டியவருக்கு வயிறும் சேர்ந்து வலித்து மயக்கம் வந்தால் பெரிய ரத்தக்குழாய் கசியலாம், அதற்கும் 108தான். கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்பதை டாக்டர் கேட்கும்முன் சொல்லிவிடுங்கள்.