நைஜரில் மணல் மட்டும்தானா?
மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, "நைஜர் என்றாலே மணலும் பஞ்சமும்தான்" என்று முடித்திருப்பது வருத்தமாக இருக்கிறது. வடக்கே சகாரா பரந்து கிடப்பது உண்மை. ஆனால் மக்களில் பெரும்பாலோர் வாழ்வது தெற்கு ஓரத்தில், கம்பு விளையும் பூமியில். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைதான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. பெண்கள் உரலில் கம்பு இடிப்பார்கள். மாவை உருண்டை பிடித்து வேகவைத்து, பாலிலோ தயிரிலோ கரைத்துக் குடிப்பார்கள். 'ஃபுரா' என்று பெயர்.

முக்கியமான விஷயமே கட்டுரையில் விடுபட்டுவிட்டது. தெற்கே உள்ள மராடி, சிண்டர் பகுதி விவசாயிகள் 1980களிலிருந்து, வயலில் வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் துளிர்த்தால் பிடுங்காமல் காப்பாற்றி வருகிறார்கள். அப்படியே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பிவிட்டன! அதில் 'காவோ' மரம் அதிசயம்: மழைக்காலத்தில் இலையுதிர்க்கும், பயிருக்கு நிழல் தட்டாது, வறண்ட மாதங்களில் தழைத்து, ஆடுமாடுகளுக்குக் காய் கொடுக்கும். ஏழை விவசாயிகள் தங்கள் கையால் செய்த வேலை இது. தயவுசெய்து இதையும் எழுதுங்கள்.