எந்த நிறம் என்பதும் முக்கியம்
‘எந்த நிற ஒளியாக இருந்தாலும் சருமத்துக்கு நல்லதுதான், பக்க விளைவே கிடையாது’ என்று, சருமத்தில் நிற ஒளியைப் பாய்ச்சும் ஒளி சிகிச்சை பற்றிய இந்தக் கட்டுரையில் வருகிற ஒரு வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளம் (ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அளவு) கொண்ட நீல ஒளி, பருவுக்குக் காரணமான பாக்டீரியாவில் உள்ள போர்ஃபிரின் என்ற, ஒளியை உறிஞ்சும் பொருளைத் தூண்டி அந்தப் பாக்டீரியாவைக் கொல்கிறது, சரி; ஆனால் அதே நீல ஒளி மாநிறம், கருநிறம் உள்ளவர்களின் தோலில் கருமையையும் கூட்டும். எனக்கு நடந்தது அதுதான்: பருவுக்காக ஒரு எல்இடி முகமூடி (முகத்தில் நிற ஒளி பாய்ச்சும் சிறு விளக்குகள் கொண்டது) வாங்கி இரண்டு மாதம் விடாமல் போட்டேன், பரு குறைந்தது, ஆனால் கன்னத்தில் லேசாக இருந்த மங்கு என்ற கருந்திட்டு நன்றாகவே கறுத்துவிட்டது. தோல் மருத்துவர் முதலில் கேட்டதே ‘என்ன நிறம் போட்டீர்கள்?’ என்பதுதான் (முகமூடியில் ஏழு நிறம் இருக்கிறதே என்று நீலம் உட்பட ஏழையும் போட்டிருந்தேன்). அதற்காக, மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருப்பதுபோல ஒளி சிகிச்சையே ஏமாற்று வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்கு டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-லேயே நோபல் பரிசு கொடுத்தார்கள், பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு இன்றும் நீல விளக்குதான், சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய்க்கு 311 நானோமீட்டர் புறஊதாக் கதிர். அங்கெல்லாம் அலைநீளம், அளவு, நேரம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நான் வாங்கிய முகமூடியின் பெட்டியில் அலைநீளம்கூடப் போட்டிருக்கவில்லை.