மாட்டுப் பொங்கல் முடித்து ஜெர்மனிக்குப் போனோம்

2025 மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, பட்டிப் பொங்கல் வைத்துவிட்டு மறுநாளே பெர்லினுக்குக் கிளம்பினேன். ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கறவை மாட்டுக்காரர்கள் பதினொரு பேர். நான்கு மாட்டுப் பண்ணைகளைப் பார்ப்பது, அப்புறம் இரண்டு நாள் கண்காட்சி என்பதுதான் திட்டம். கிளம்பும்போதே நான்கு பண்ணைகளும் ரத்தாகிவிட்டன.

காரணம் கோமாரி. மாட்டுக்கு மாடு வேகமாகத் தொற்றும் நோய், ஆட்களின் செருப்பு, துணியோடும் பரவும். பெர்லினைச் சுற்றியிருக்கிற பிராண்டன்பர்க் மாநிலத்தில், ஹோனோ என்ற ஊரில், ஓர் எருமை மந்தைக்குக் கோமாரி வந்திருப்பது ஜனவரி 10ஆம் தேதி உறுதியானது. மொத்தமே 14 எருமைகள். மூன்று செத்துப்போக, மீதியையும் கொன்றுவிட்டார்கள். 1988க்குப் பிறகு ஜெர்மனியில் இதுதான் முதல் தடவை. மாநிலம் முழுக்க மூன்று நாளைக்கு மாடு, ஆடு, பன்றி எதையும் இடம் மாற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பெர்லின் உயிரியல் பூங்காவைக்கூட மூடினார்கள். பிரிட்டனும் தென்கொரியாவும் இறக்குமதியை நிறுத்தின. அப்படி ஒரு வாரத்தில், கோமாரி இருக்கிற நாட்டிலிருந்து வரும் மாட்டுக்காரர்களை யார் தொழுவத்துக்குள் விடுவார்கள்? அவர்கள் செய்தது சரி. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

"மாட்டையே பார்க்க முடியாதுன்னா அந்தக் குளிர்ல போய் என்ன பண்ணப் போறே?" என்று பெரியப்பா கேட்டார். விசாவுக்குப் பட்ட பாடு அவருக்குத் தெரியும். சம்பளச் சீட்டு கொண்டா, வருமான வரிக் கணக்கு கொண்டா என்றார்கள். விவசாயியிடம் அதெல்லாம் ஏது? சிட்டா, அடங்கல், சங்கத்தில் பால் ஊற்றிய கணக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கொடுத்து, இரண்டு தடவை அலைந்து வாங்கிய விசா. பால் பொருளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டில் செய்த பால்கோவாவை எடுத்து வைத்துவிட்டு, முறுக்கும் கடலை மிட்டாயும் கட்டிக்கொண்டு போனோம்.

பெரியப்பா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. குளிரில்தான் போகவேண்டும்.

வெயில் காலத்தில் அந்த ஊர் விவசாயிக்கு மூச்சுவிட நேரமில்லை. புல் அறுப்பு, அடுத்து கோதுமை அறுப்பு, அடுத்து மக்காச்சோளத்தை வெட்டிச் சைலேஜ் (காற்றுப் படாமல் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம்) போடுவது. அவரிடம் போய் நின்றால் கையை அசைத்துவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விடுவார். குளிர்காலத்தில் கறவை மட்டும்தான் நிற்பதில்லை, வயல் சும்மா கிடக்கிறது. அதனால் அவர்கள் படிப்பதும் கூடிப் பேசுவதும் காலங்காலமாகக் குளிர்காலத்தில்தான். 'குளிர்காலப் பள்ளி' என்றே விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து, உழவு தொடங்குவதற்குள் முடிந்துவிடும். நாங்கள் போன பெர்லின் பசுமை வாரக் கண்காட்சியும் அப்படி வந்ததுதான். அந்தக் காலத்தில் ஜெர்மன் வேளாண் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பெர்லினில் கூடும். அந்தக் கூட்டத்தை ஒட்டி 1926இல் கண்காட்சி ஆரம்பமானது. கூட்டத்துக்கு வந்தவர்கள் போட்டிருந்த பச்சைக் கம்பளிக் கோட்டினால்தான் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள்.

கண்காட்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்த வருடம் மாடே இல்லாத கண்காட்சி. நிறையச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு நாள் போதும்.

நான் எழுத நினைத்தது மூன்றாம் நாள் சாயங்காலத்தைப் பற்றி. எங்களுக்குப் பண்ணையைக் காட்டுவதாக இருந்தவர்களில் இரண்டு குடும்பங்கள், தொழுவத்துக்குத்தானே வரக்கூடாது, பேசலாமே என்று நோய் வந்த பகுதியிலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஒரு கிராமத்து உணவகத்துக்கு வரச்சொன்னார்கள். அங்கே ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு மேசை போட்டிருக்கிறது, நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரி. அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் இன்னும் ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். பெர்லினில் படிக்கிற சேலத்துத் தம்பி ஒருவர் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

முதலில் வந்த கேள்வியே கோமாரிதான். "உங்கள் மாடுகளுக்கு வந்திருக்கிறதா? வந்தால் எப்படி இருக்கும்?" அங்கிருந்த இளவட்டங்கள் யாரும் அந்த நோயைக் கண்ணால் பார்த்ததில்லை.

2013இல் எங்கள் தொழுவத்துக்கு வந்ததைச் சொன்னேன். வாயில் கொப்புளம், நூலாக வடிகிற எச்சில், குளம்பு இடுக்கில் புண். பெரிய மாடுகள் பிழைத்தன, பால் குடித்துக்கொண்டிருந்த கன்றுகள் நின்ற நிலையில் விழுந்து செத்தன. வைரஸ் கன்றின் இதயத்தையே தாக்கும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். பிழைத்த மாட்டில் ஒன்று கடைசிவரை வெயில் தாங்காமல் மூச்சு வாங்கியது, முடி கம்பளி மாதிரி வளர்ந்தது, பழைய பால் திரும்பவே இல்லை. சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து, மஞ்சள், பூண்டோடு அரைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து அம்மா வாயில் தடவிவிட்டதைச் சொன்னபோது ஓர் அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை அரசு தடுப்பூசி போடுகிறது என்றோம். அங்கே போடுவதில்லை. 1990களின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். நோய் இல்லாத நாடு என்ற பெயர் இருந்தால்தான் பாலும் இறைச்சியும் கப்பலேறும். வந்துவிட்டால் மந்தையையே கொல்வார்கள். இது வைரஸால் வருகிறது என்று 1898இல் கண்டுபிடித்ததே அந்த நாட்டு லோஃப்லரும் ஃப்ராஷும்தான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எங்கள் பக்கம் வந்தால் என் 90 மாடும் ஒரே நாளில்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திவிட்டார். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தொழுவம் காலியானால் எப்படி இருக்கும் என்று எங்கள் பதினொரு பேருக்கும் தெரியும்.

அப்புறம் பால் விலை. அவர்களுக்கு அப்போது கிலோவுக்கு 50 சென்ட்டுக்கு மேல், நம் காசில் 45 ரூபாயை ஒட்டி. எங்களுக்கு அப்போது சங்கத்தில் லிட்டருக்கு 35 ரூபாய், ஊக்கத்தொகை 3 ரூபாய். பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நினைத்துப் போனோம், இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அங்கே கூலி என்ன, தீவனம் என்ன! இவ்வளவு பால்தான் ஊற்றலாம் என்று வரம்பு வைத்த பால் ஒதுக்கீட்டு முறையை ஐரோப்பாவில் 2015இல் எடுத்தபிறகு, மறுவருடமே விலை 25 சென்ட்டுக்குக் கீழே போயிருக்கிறது. 2000இல் ஜெர்மனியில் 1,30,000க்கு மேல் இருந்த கறவை மாட்டுப் பண்ணைகள் இப்போது சுமார் 50,000. தன் மகன் பண்ணைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதை ஒருவர் சொன்னார். எங்களில் நான்கு பேர் வீட்டில் அதே கதை.

இதைத் தொழுவத்தில் நின்றுகொண்டு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அங்கே கறவை இயந்திரத்தைக் காட்டியிருப்பார்கள், நாங்களும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்போம்.

2025 மார்ச்சில் தமிழக வேளாண் பட்ஜெட்டில், 100 உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாமுக்குக் கண்டுணர்வுப் பயணம் அனுப்புவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். அந்த ஊர் விவசாயிக்கு எப்போது ஓய்வு என்று கேட்டுத் தேதி வையுங்கள். பண்ணை, ஆராய்ச்சி நிலையம் என்று காலை முதல் இரவு வரை நிரப்பாமல், அரை நாளாவது அவர்களோடு உட்கார்ந்து பேச விடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் போதும்.

இன்னொன்று, பெண்களை அழைத்துப் போங்கள். அந்த மேசையில் கணக்கு, கன்று வளர்ப்பு என்று எதைக் கேட்டாலும் பதில் சொன்னது அந்த வீட்டுப் பெண்கள்தான். எங்கள் பதினொரு பேரில் ஒரு பெண்கூட இல்லை. கன்று எத்தனை நாளில் தீவனம் கடிக்கும் என்று ஓர் அம்மா கேட்டபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய என் மனைவி அத்தனை நாளும் ஊரில் தனியாகப் பால் கறந்துகொண்டிருந்தாள்.

அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று தை மாதம் இங்கே வருவதாக இருக்கிறது. எங்கள் தொழுவத்துக்குள் வரமாட்டார்கள், ஊர் திரும்பியதும் சில நாள் தங்கள் மாட்டுப் பக்கமும் போகமாட்டார்கள். அதற்குக் கறவைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வீட்டுத் திண்ணையில் பாய் போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை கேள்விகளை என் மனைவி எழுதிவைக்கிறாள். இப்போதே இரண்டு பக்கம் ஆகிவிட்டது.